கரி அள்ளும் மனிதர்

சுவீடனில் ஒரு காட்டு நிலையத்தில் எங்கள் பழைய நீராவி ரயில் தண்ணீர் பிடிக்க நிற்கிறது. மரப்பெட்டி முழுக்கப் புகை வாசனை. பக்கத்தில் என் மகள் நித்யா. அவள் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லும் பையனின் அப்பாதான் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறார். நான் காஞ்சிபுரத்திலிருந்து வந்திருப்பதே இவர்களை விசாரிக்கத்தான். பையன் வெளியூரிலிருந்து நாளைதான் வருகிறான்.

“அந்தப் பையனோட அப்பா சம்பளமே இல்லாம கரி அள்றாராமே, இன்னாமா இது? வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களா?”

“ரிட்டயர்டு டீச்சர்பா. ஞாயித்துக்கிழமைல ஆசைக்கு வர்றாரு.”

ஆசைக்கு யாராவது முகமெல்லாம் கரி பூசிக்கொள்வார்களா? எனக்கு நம்பிக்கையில்லை. அவர் இறங்கி எங்களிடம் வருகிறார். என்னைவிட ஒரு முழம் உயரம்.

“இதுல இன்னா கிடைக்குதுன்னு கேளுமா.”

நித்யா என் பக்கம் திரும்புகிறாள். “ஆடி மாசம் அம்மன் பல்லக்க தூக்கிக்கினு தெருத்தெருவா சுத்துறியே, உனுக்கு இன்னாப்பா கிடைக்குது?”

அதையே அவரிடமும் அவர் மொழியில் சொல்கிறாள். அவர் கையைத் துடைத்தபடி யோசித்து ஏதோ கேட்கிறார்.

“அவரும் ஒருநாள் தோள் குடுக்கலாமான்னு கேக்குறாருப்பா.”

அவரை மேலும் கீழும் பார்க்கிறேன். பல்லக்குத் தண்டின் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் தோள்கள் வேண்டும். இல்லையென்றால் அம்மன் சாய்ந்துவிடுவாள். இந்த உயரத்துக்கு எங்கள் தெருவில் ஜோடி கிடையாது.

“ஏம்மா, மாப்பிள்ளையும் இதே உயரந்தானா?” என்கிறேன்.