இரண்டு இடது கண்ணாடி

மதியக் காட்சி இடைவேளை மணி அடித்த நாலு பத்துக்குச் செய்தி வந்தது: த்ரீடி படத்துக்குக் கண்ணாடி கொடுத்து, திரும்ப வாங்கிக் கழுவி வைக்கும் கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார். அவர் படுத்ததிலிருந்து படம் ஓட்டும் ஆபரேட்டர்தான் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, "இது கீறலா இருக்கு, மாத்திக் குடுங்க" என்று நின்றார். ஆபரேட்டர் மாற்றிக் கொடுத்தார்.

உடைந்த கண்ணாடியைத் தூக்கிப்போட கண்ணாடிக்காரருக்கு மனசு வராது. இரண்டு உடைசலைச் சேர்த்து ஒன்றாக்கிவிடுவார். ஒருமுறை அப்படி நாற்பது கண்ணாடியில் இடது கண்ணுக்கானதை வலதிலும் வலதுக்கானதை இடதிலும் ஒட்டிவிட்டார். திரையில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் விழும். கண்ணாடி அந்தந்தக் கண்ணுக்கு உரியதை விட்டு மற்றதை மறிக்கும். இரண்டையும் சேர்த்து மூளை ஆழம் காட்டும். இடம் மாறினால் எல்லாம் உல்டா. பாய வேண்டிய சிங்கம் பின்னால் போனது.

"என்னய்யா, ஹீரோ மூக்கு உள்ள போயிடுச்சுன்னு கம்ப்ளெயிண்ட் வருது," என்றார் மேனேஜர்.

"வெளிய இருந்தப்ப மட்டும் என்ன அழகா இருந்துச்சு சார்?"

வேலை போகாமல் தப்பியதே பெரிய விஷயம். ஆனால் அந்தத் தப்பிலிருந்துதான் அவருக்கு யோசனை பிறந்தது. த்ரீடி என்றால் அவர் மனைவிக்குத் தலை சுற்றும். பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார். ஒரு படமாவது அவரோடு பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்பது கண்ணாடிக்காரரின் ஆசை. இரண்டு பக்கமும் இடது கண்ணாடியே ஒட்டினால் இரண்டு கண்ணுக்கும் ஒரே படம். தட்டையாகத் தெரியும், தலை சுற்றாது.

"அண்ணே, படம் வெளிய வரணும்னு ஜனங்க காசு குடுத்து வர்றாங்க. நீங்க உள்ள தள்ளுறீங்களே," என்று ஆபரேட்டர் கிண்டலடித்தார்.

"உங்க அண்ணிக்கு வெளிய வந்தா ஆகாது தம்பி. அது பாட்டுக்கு அது எடத்துல இருக்கட்டும்."

மிச்சமாகும் இரண்டு வலதும் தனக்கு என்றார். "அவ மட்டும் தட்டையா பாக்க, நான் மட்டும் சிங்கத்துக்குப் பயந்துக்கிட்டு இருக்கணுமா?"

புதன்கிழமை மதியக் காட்சிக்கு ஓரமாக இரண்டு சீட் சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமை நெஞ்சு வலித்தது.

படத்தை மறுபடி ஓடவிட்டு, ஆபரேட்டர் கீழே போய் அவருடைய மேசை டிராயரைத் திறந்தார். அண்ணியின் கண்ணாடி துடைத்துத் துணியில் சுற்றியிருந்தது. அவருக்கான இன்னொன்றில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தது. மறுபக்கத்துக்கான வலது கண்ணாடி பக்கத்திலேயே இருந்தது. வெட்ட வேண்டிய அளவுக்குப் பேனாவால் கோடு மட்டும் போட்டிருந்தது.