அம்மாக்களைப் படமாக வரைந்த கனகம்மாள் டீச்சர்

போன வியாழக்கிழமை, தளியிலிருந்து வரும் முதல் பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். வகுப்பு தொடங்கியிருந்தது. அவர் உள்ளே வரவில்லை.

"டீச்சரம்மா, உங்க கனகம்மா டீச்சர் தவறிட்டாங்க. விடிகாலையில. அவங்க தம்பி சொல்லி அனுப்பிச்சாரு."

பஸ் நிற்கிறதென்று உடனே திரும்பி ஓடிவிட்டார். என் பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கனகம்மாள் அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒசூரில் எங்கள் ஆரம்பப் பள்ளியில் அவர் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தார். பிறந்த ஊர் தளி, வாழ்க்கைப்பட்டது மத்தூர். கணவர் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். ஒரே மகள் வசந்தாவைக் கணவரின் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, ஒசூரில் தனியே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். மாதம் ஒருமுறை மத்தூருக்குப் போவார். திரும்பி வந்த மறுநாள் மட்டும் யாரோடும் அதிகம் பேச மாட்டார். நாங்களும் பேச்சுக் கொடுக்க மாட்டோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவர் வகுப்பில் சின்னி என்றொரு குழந்தை இருந்தது. அதன் தாய் முனியம்மா பெங்களூர் ரோட்டில் ஜல்லி சுமக்கிறவர். காலையில் குழந்தையை வாசலில் விட்டுவிட்டு அவர் வேலைக்கு ஓட, அது அழ ஆரம்பித்தால் மத்தியானம் வரை ஓயாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கனகம்மாள் ரோடு போடும் இடத்துக்கே போய், முனியம்மாவின் பக்கத்தில் பொழுதெல்லாம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்து, ஊசி நூலால் தைத்து, ஒரு புத்தகம் கொண்டுவந்தார். முனியம்மா கூடை சுமக்கிறார். மேஸ்திரியோடு சண்டை போடுகிறார். புளியமரத்தடியில் களி தின்கிறார். கூடச் சுமக்கும் பெண்ணுக்குக் காலில் தைத்த முள்ளை எடுத்துவிடுகிறார். சாயங்காலம் விறகோடு நடந்து வருகிறார்.

சின்னி அழுகையை நிறுத்திவிட்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தது. பிறகு கேட்டது:

"டீச்சர், இப்ப எங்கம்மா எந்தப் படத்துல இருக்குது?"

கனகம்மாள் வெளியே வெயிலைப் பார்த்தார். "இப்பவா? இதோ, இதுல. களி தின்னுக்கிட்டு இருக்குது."

அன்றிலிருந்து சின்னி அழவில்லை. அவ்வப்போது புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, "இப்ப?" என்று மட்டும் கேட்கும். அவர் விரலால் காட்டுவார்.

மற்றப் பிள்ளைகள் விடுவார்களா? பட்டுக்கூடு வேகவைத்து நூல் எடுக்கிற அம்மா, பூக்கூடையோடு பஸ் ஏறுகிற அம்மா, பிரசவம் பார்க்கப் போகிற அம்மா என்று புத்தகங்கள் பெருகின. எதிலும் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"எழுத்துப் போட்டா யாரு பாஷையில போடறது, சரோஜா? இதுங்க பாதி தெலுங்கு, கால்வாசி கன்னடம். படம்னா எல்லாத்துக்கும் புரியுதில்ல?"

இவை அச்சில் வந்தால் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஆகுமே என்று நான்தான் அவரைப் பெங்களூரில் ஓர் அச்சகத்துக்கு அழைத்துப் போனேன். அச்சகத்துக்காரர் ரசித்துத்தான் பார்த்தார். கடைசியில், "கை நல்லாருக்கும்மா. ஆனா அம்மான்னா தொட்டில் பக்கத்துல இருக்கட்டும். கல்லு சொமக்கிற அம்மாவ எந்தக் கொழந்தைக்கு வாங்கித் தருவாங்க?" என்றார்.

"அந்த அம்மாவோட கொழந்தைக்கு" என்று சொல்லிவிட்டுக் கனகம்மாள் தாள்களைச் சுருட்டிக்கொண்டார். வரும் வழியெல்லாம் வேறு ஏதேதோ பேசிச் சிரித்தபடி வந்தார். வருத்தம் எனக்குத்தான்.

ஒரு கோடை விடுமுறையில் வசந்தா ஒசூருக்கு வந்திருந்தாள். அலமாரியிலிருந்த புத்தகங்களையெல்லாம் தரையில் பரப்பிப் பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டு, "எல்லார் அம்மாவும் இருக்காங்க. எங்கம்மா எங்க?" என்றாள். கனகம்மாள் குழந்தையின் பின்னலைப் பிரித்து மறுபடி பின்னிவிட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு இருமல் வந்தது. காசநோய் என்று டாக்டர் சொன்னார். பள்ளிக்கு வரக்கூடாது, குழந்தைகளை நெருங்கக்கூடாது. தளியில் தம்பி வீட்டையொட்டிய ஓர் அறையில் போய் இருந்தார். வசந்தாவைப் பார்க்கவும் தடை.

நான் போகும்போதெல்லாம் முற்றத்தின் அந்தக் கோடியில் அவர் உட்காருவார், இந்தக் கோடியில் நான். ஒருநாள் சொன்னார்: "வசந்தாவுக்கு ஒரு புஸ்தகம் பண்ணணும். நீ வரை."

"எனக்கு ஆடு வரஞ்சாலே நாய் மாதிரி இருக்கும். நீங்களே வரைங்கக்கா."

"நான் தொட்ட தாளு அவ கைக்குப் போகக்கூடாது. நான் சொல்றேன். நீ வரை."

அவர் அங்கிருந்து சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். அம்மா பள்ளிக்கூடத்துக் கதவைத் திறக்கிறாள். யார் வீட்டுப் பிள்ளைக்கோ மூக்கைத் துடைக்கிறாள். தனக்கு மட்டும் சோறு வடிக்கிறாள். மத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள். தாளைத் தூக்கிக் காட்டுவேன். "பஸ்ஸு பொட்டி மாதிரி இருக்குது, பரவால்ல" என்பார். சிரித்தால் இருமல் வருமென்று சிரிப்பை அடக்கிக்கொள்வார்.

புத்தகத்தை நானே மத்தூருக்குக் கொண்டுபோனேன். திரும்பி வந்ததும் நேரே தளிக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"குடுத்தியா? என்ன சொன்னா?"

"பூராவும் பாத்தா. அம்மா ஏன் பஸ்ஸுல தனியா போறாங்கன்னு கேட்டா. அப்புறம் எங்கிட்ட பென்சில வாங்கி, உங்க பக்கத்துல தன்னை வரஞ்சிக்கிட்டா."

"எங்க, காட்டு."

"புஸ்தகத்தைத் தர மாட்டேனுட்டாக்கா. மார்போட அணைச்சிக்கிட்டா."

"எந்தப் பக்கம் வரஞ்சா? சன்னல் பக்கமா?"

"சன்னல் பக்கம்தான்."

"அவளுக்கு எப்பவும் சன்னல் பக்கம்தான் வேணும்" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மொதல்லேருந்து சொல்லு" என்றார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அப்போதும், "அப்புறம்?" என்று கேட்டார்.

கடைசி பஸ் வந்துவிட்டது. நான் ஏறி உட்கார்ந்து பார்த்தபோது அவர் வேலிவரை வந்திருந்தார். இருமலில் பேச முடியவில்லை. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் காற்றில் ஒரு சதுரம் வரைந்து காட்டினார்.

"ஆமாக்கா, சன்னல் பக்கம்தான்!" என்று நான் பஸ்ஸிலிருந்து கத்தினேன்.

நான் அவரோடு கடைசியாகப் பேசியது அதுதான். போய் வாருங்கள், அக்கா.