பேய்க் கதையின் பொடி எழுத்து

1. நீளாத விரல்கள்

திங்கட்கிழமை விடியற்காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நூற்றுப் பதினெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவரும் விரல் நீட்டவில்லை.

அப்போது நான் பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் டிரெஸ்ஸர். ஆறு மாதத் தற்காலிக நியமனத்தில் ஐந்து மாதம் முடிந்திருந்தது. தோட்ட ஆஸ்பத்திரியில் டாக்டரும் நானே, கம்பவுண்டரும் நானே, பல் பிடுங்குபவனும் நானே. மிஞ்சிய நேரத்தில் சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி எழுதி அனுப்புவேன்.

வெள்ளிக்கிழமை ஜொகூர் பாருவிலிருந்து சுகாதார அதிகாரி வருவதாகக் கடிதம் வந்திருந்தது. அதற்குள் பெரியவர்கள் அத்தனை பேரின் விரலிலும் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தடவிக் காயவைக்க வேண்டும். அவர் எடுத்துப்போய் மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார். பக்கத்துத் தோட்டத்தில் பாதி ஸ்லைடுதான் சேர்ந்தது. அங்கிருந்த டிரெஸ்ஸரை அடுத்த வாரமே அனுப்பிவிட்டார்கள். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். அந்த நிலையில் வேறு வேலை தேடி அலைய எனக்கு மனமில்லை.

முன்வரிசையில் நின்ற வெள்ளையம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதில் தோட்டத்திலேயே வேகமான கை அவளுடையது. அவள் செய்வதைத்தான் மற்றப் பெண்கள் செய்வார்கள். பெண்கள் செய்வதை ஆண்கள் அரை மணி நேரம் கழித்துச் செய்வார்கள்.

"இன்னைக்கு வேணாங்கய்யா," என்றாள்.

காரணத்தை வார்டு ஆள் சூசைதான் சொன்னான். தவறு என்னுடையது.

எங்கள் துரை எனக்கு ஒரு ஆங்கிலப் புத்தகம் இரவல் கொடுத்திருந்தார். மலைக்கோட்டை ஒன்றில் குடியிருந்துகொண்டு மனிதரின் ரத்தத்தைக் குடிக்கும் பிரபுவின் கதை. பக்கத்துக்குப் பக்கம் படம். படம் இல்லாத இடத்தில் அடிக்குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை அதை வார்டு மேசையில், ஸ்லைடுப் பெட்டிக்குப் பக்கத்தில், திறந்தபடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திறந்திருந்த பக்கத்தில் வெளிறிய முகத்துடன் ஒரு வெள்ளைக்காரர், மயங்கிக் கிடக்கும் பெண்ணின் கழுத்தில் குனிந்திருந்தார். மீசை அப்படியே எங்கள் துரையின் மீசை.

வார்டில் கிடந்த நான்கு பெண்களும் அதைப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் முழுவதும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. டிரெஸ்ஸர் எடுக்கும் ரத்தம் ஜொகூர் பாருவுக்குப் போகவில்லை, துரையின் பங்களாவுக்குப் போகிறது.

ஆதாரமும் சேர்ந்தது. துரையைப் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் பார்த்தவர் யாரும் இல்லை. அவர் பெரட்டுக்கு வருவது இருட்டில். மாட்டுக்கறியை ரத்தம் சொட்டச் சொட்டத்தான் தின்கிறார் என்று பங்களாச் சமையல்காரரே சத்தியம் செய்திருந்தார். பத்திரிகைக்கு இவ்வளவு ஆதாரத்தோடு நான் ஒரு செய்திகூட அனுப்பியதில்லை.

2. வாசிப்பு

ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரையும் மிரட்டி வரிசையில் நிறுத்துவதாகக் கங்காணி சொன்னார். நான் வேண்டாம் என்றேன். மிரட்டி வாங்கிய ரத்தத்தை அடுத்த வருஷமும் மிரட்டித்தான் வாங்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் புத்தகத்தையே தமிழில் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லி அனுப்பினேன்.

நாற்பது பேர் வருவார்கள் என்று நினைத்தேன். லயத்தில் அடுப்பு மூட்ட ஆளில்லாமல் போனது.

கதையை வாசித்தேன், படத்தைத் தூக்கிக் காட்டினேன், கீழே இருந்த குறிப்பையும் சொன்னேன். குறிப்பு எழுதியவர் யாரோ பொல்லாத மனிதர். கதையில் வரும் ரயில் அந்த நேரத்தில் அந்த ஊருக்குக் கிடையாது என்பார். இந்த வகை வௌவால் அந்த நாட்டில் இல்லை என்பார். கூட்டத்துக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. கதையில் யாராவது மிகையாக அளந்துவிட்டால், "கீழே உள்ளவரு என்ன சொல்றாரு?" என்று கேட்டார்கள்.

வீட்டுக்காரர் அழைக்காமல் பேய் உள்ளே வராது என்ற இடத்தில், அழைக்காமலே நுழையும் நம்ம கங்காணியைவிட இந்தப் பேய்க்கு மரியாதை தெரியுமே என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கங்காணி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். பூண்டைக் கண்டால் ஓடிவிடும் என்ற இடத்தில் வெள்ளையம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

"அப்ப இது வெள்ளைக்காரங்களுக்குன்னே பொறந்த பேயி. நம்ம ரசத்து வாசனைக்கே செத்துப்போயிரும்."

பகலில் பேய்க்கு வலிமை இல்லை என்று வாசித்தபோது கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சட்டென்று எல்லாருக்கும் ஒரே யோசனை. துரை உச்சி வெயிலில் கால் மணி நேரம் நின்று காட்டினால் விரல் நீட்டுவதாகச் சொன்னார்கள்.

மேலதிகாரியிடம் போய், நீங்கள் பேயா இல்லையா என்று நிரூபியுங்கள் என்று கேட்பதற்கு எந்த டிரெஸ்ஸருக்கும் பயிற்சி கொடுப்பதில்லை. லயத்துச் சாக்கடையில் கொசுப்புழு மண்டிக் கிடக்கிறது, அதிகாரி வருமுன் நீங்களே வந்து பார்த்தால் நல்லது என்று சொன்னேன். அது பொய்யும் அல்ல. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குத் துரை வந்தார். தொப்பியைக் கழற்றச் சொல்ல வழியில்லை. காற்று நல்லவேளையாக அதைத் தட்டிவிட்டது. சிவந்த முகத்தில் வியர்வை ஒழுக, அவர் குச்சியால் சாக்கடையைக் கிளறிக்கொண்டு இருபது நிமிஷம் நின்றார். பால் ஸ்டோர் நிழலில் இருந்து நூறு கண்கள் பார்த்தன. அவர் புகையவில்லை, கருகவில்லை.

அன்று மூன்று மணிக்கு எல்லாரும் கலகலப்பாக வந்தார்கள். மறுநாள் ஸ்லைடு எடுப்பது உறுதி. நான் விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. கண்ணை ஓட்டினேன். பழைய நாட்டுக் கதைகளில் இந்த வகைப் பேய் பகலிலும் தாராளமாக நடமாடும் என்று அந்தப் பொல்லாத மனிதர் எழுதியிருந்தார்.

நான் பக்கத்தைத் திருப்பினேன்.

"நில்லுங்கய்யா," என்றாள் வெள்ளையம்மா. "கீழே பொடி எழுத்து இருந்துச்சே. அதை வாசிக்கலையே?"

அது முக்கியமில்லை என்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து இருக்கா இல்லையான்னு பாக்கத் தெரியும்." அவள் குரல் உயரவில்லை. "கப்பல் ஏறுறதுக்கு முன்ன எங்களைத் தங்க வச்ச டிப்போவுல, எழுத்து வேலை பாக்குற ஒரு கிராணி எனக்குக் காகிதம் வாசிச்சாரு. மேலே பெருசா இருந்ததை மட்டும் வாசிச்சாரு. கீழே பொடியா நாலு வரி இருந்துச்சு, அதை வாசிக்கல. நான் கைநாட்டு வச்சேன். அந்த நாலு வரியில என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

பக்கத்தை மறுபடி திருப்பினேன். குறிப்பை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

துரை வெயிலில் நின்றது செல்லாமல் போயிற்று; கூட்டம் கலைய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம், வேலை போய்விட்டது போலிருக்கிறது என்றேன். அதற்காகப் பொய் வாசித்திருக்கலாமா என்று அவள் கேட்டாள்.

3. காகிதம்

வியாழக்கிழமை பெரட்டுக்கு முன்பே வெள்ளையம்மா ஆஸ்பத்திரி வாசலில் தனியாக நின்றாள்.

"நேத்து உங்களுக்கு ஆகாததையும் வாசிச்சீங்க," என்றாள். "இப்ப அந்த ரத்தக் காகிதத்தையும் வாசிங்க. மேலேருந்து கீழே வரைக்கும்."

ரத்தப் பரிசோதனைப் படிவத்தைத்தான் கேட்கிறாள். ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒற்றைத் தாள். ஐந்து மாதமாக என் மேசையில் அது கட்டாகக் கிடந்தது. பெயர், வயது, லய எண் எழுதும் மேல் பாதிதான் எனக்கு மனப்பாடம். விளக்கைக் கிட்டே இழுத்து வாசித்தேன். அடியில், எறும்பு வரிசை போல மூன்று வரி இருந்தது. கிருமி கண்டவருக்கு முழு அளவு குவினைன் மருந்து கொடுக்க வேண்டும். ஐந்து நாள் வேலைக்கு அனுப்பக் கூடாது. அந்த ஐந்து நாளும் சம்பளப் பதிவேடான செக்ரோலில் வேலை செய்ததாகவே பதிய வேண்டும்.

எனக்கே நம்பிக்கை வராமல் இரண்டாம் முறையும் வாசித்தேன்.

"இது எப்போலேருந்து இருக்கு?"

படிவம் பழையது என்றேன். எனக்கு முன்னால் இருந்த டிரெஸ்ஸரும் இதே கட்டிலிருந்துதான் கிழித்திருக்கிறார்.

காய்ச்சல் நடுக்கத்தோடு மரத்துக்கு மரம் நடந்த காலைகளை அவள் எண்ணிப் பார்த்திருப்பாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப துரை ரத்தத்தைக் குடிக்கலை. காகிதத்தைப் படிக்கலை, அவ்வளவுதான்."

பெரட்டில் துரையின் முன்னாலேயே அதை வாசிக்கச் சொன்னாள். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை வாசித்தேன். துரை கையை நீட்டித் தாளை வாங்கி, டார்ச் வெளிச்சத்தில் அடிப்பகுதியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தோட்டத்துத் தமிழில், "அச்சடிச்சு இருக்கு. அப்படியே செய்," என்றார்.

வெள்ளையம்மா முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து முதல் விரலை நீட்டினாள். பெண்கள் உடனே நீட்டினார்கள். ஆண்கள் இந்த முறை அரை மணி நேரம் காத்திருக்கவில்லை. பத்து மணிக்குள் நூற்றுப் பதினெட்டு ஸ்லைடும் தட்டில் காய்ந்தன. அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது.

ஆஸ்பத்திரி வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறிய விஷயம்தான். நோயாளியிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குமுன் அந்தத் தாளின் அடிப்பகுதியை நீங்கள் படியுங்கள். பிறகு அவருக்கும் படித்துக் காட்டுங்கள், உங்களுக்கு ஆகாததாக இருந்தாலும். என் பல வருஷ வேலையில் ஊசி போடுவதைவிட இதுதான் கடினமாக இருந்தது.

அடுத்த வாரம் முடிவு வந்தது. பதினேழு பேருக்குக் கிருமி இருந்தது. பட்டியலை வராந்தாவில் வாசித்தேன். பெயர் வந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார் போல எழுந்து வந்து குவினைன் வாங்கிக்கொண்டு, பாயை விரித்துப் படுத்து, மீதிக் கதையைத் தொடங்கச் சொன்னார்கள். வெள்ளையம்மாவின் ஸ்லைடு சுத்தமாக இருந்தது. அவள் பட்டியலை என் கையிலிருந்து வாங்கி, அடியில் பொடி எழுத்து ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு மற்றக் கையை நீட்டினாள்.

"வேற விரல்ல ஒரு தடவை பாருங்கய்யா."