'எங்கை' என்று கேட்காத வீடு

1992இல் பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில் இருந்தோம். எங்கள் வீட்டில் வெளியே புறப்படுபவரிடம் "எங்கை போறாய்?" என்று கேட்டுவிட்டால் போதும், அம்மா பொரிந்து தள்ளிவிடுவார். கேட்டால் போகிற காரியம் உருப்படாதாம். கட்டாயம் அறிய வேண்டுமென்றால் "தூரவோ?" என்று மட்டும் கேட்கலாம்.

அன்று காலை தம்பி சைக்கிளை எடுத்தான். எனக்குக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அம்மா முறைத்ததில் விழுங்கிவிட்டேன்.

"தூரவோ?"

"இல்லையக்கா. போட்டு வாறன்."

மதியம் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்த அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். எழும்பவே இல்லை.

கொள்ளி வைக்க ஒரே மகன். அயலவர்கள் சைக்கிள்களில் நாலு திக்கும் ஓடினார்கள். அவன் வழக்கமாகப் போகும் வீடுகளில் இல்லை. நல்லூரில் ரியூசனுக்குப் போகும் இடத்திலும் இல்லை. விமானங்கள் எந்த நேரத்தில் வந்து குண்டு போடும் என்று தெரியாத காலம் அது.

"இனியும் பாத்துக்கொண்டிருக்கேலாது. பொழுதுபட முன்னம் எடுப்பம்" என்றார் பெரியப்பா. அவருடைய மகன்தான் கொள்ளிக்குடம் தூக்கினான்.

எல்லோரும் சுடலையால் திரும்பிய பிறகு தம்பி வந்தான். கையில் ஒரு சைக்கிள் டைனமோ. பற்றறி கிடைக்காத நாட்கள் என்பதால், அப்பா செய்தி கேட்க றேடியோவுக்குப் பூட்டலாமென்று அதைத் திருத்தப் போயிருக்கிறான். போனது இரண்டு ஒழுங்கை தள்ளி, எங்களுக்கு அவ்வளவு பழக்கமில்லாத ஒரு வீட்டுக்கு.

"பறைச் சத்தம் கேட்டதக்கா. ஆரோ செத்துப்போச்சினமெண்டு நினைச்சுக்கொண்டு வேலையைப் பாத்தன்" என்றான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவன்று மாமி ஒருவர் இந்தப் பழக்கம் வந்த கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் வண்டியில் புகையிலை ஏற்றிப் போகிறவர்களின் வழி கள்ளர் காதில் விழக்கூடாதென்றுதான் 'எங்கை' என்று கேட்பதில்லையாம். உண்மையோ பொய்யோ தெரியாது. அம்மா, "எங்கடை வீட்டிலை என்ன புகையிலையே கிடந்தது?" என்றார்.

இப்போது தம்பி எங்கே புறப்பட்டாலும், யாரும் கேட்காமலே யார் வீடு, எந்த ஒழுங்கை என்று சொல்லிவிட்டுத்தான் படலையைத் திறக்கிறான். அவன் அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும், அன்றைக்கு அம்மாவிடம் ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று நான் கேட்டிருக்கலாமே என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.