கையைப் பிடித்தால் காதலா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாலாஜாபாத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் பவானிக்கு நிச்சயம் முடிந்திருந்தது. பத்திரிகை அடிப்பது பற்றிப் பேச மாப்பிள்ளை பிரபு தன் அம்மாவோடு வந்திருந்தார்.

பவானிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாய்ப்பேச்சும் வராது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. பிரபு அதே கம்பெனியில் மெயின்டெனன்ஸ். காது கேட்கிற பையன்... தானாக வந்து பெண் கேட்டவர். மாமாவுக்கு - அதாவது பவானியின் அப்பாவுக்கு - அதில் அவ்வளவு பூரிப்பு. "பேசற புள்ள, தானா வந்து கேக்குது. இதவிட இன்னா வேணும், சொல்லு" என்று போன் பண்ணும்போதெல்லாம் சொல்வார்.

ஹாலில் நாங்கள் பத்திரிகைக்கு மஞ்சளா சிவப்பா என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். ஜன்னல் ஓரம் அவர்கள் இருவரும். பவானி விறுவிறுவென்று கைகளை அசைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பிரபு சிரித்தபடியே அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"பாருங்க, இத்தன பேர் இருக்கோம், கைய வுட மாட்டேங்கறான்" என்றார் பிரபுவின் அம்மா. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பவானி சிரிக்கவில்லை. கைகளை வெடுக்கென்று உருவிக்கொண்டு எழுந்து வந்தாள். அக்கா முன்னால் நின்று ஏதோ சொன்னாள். அந்த வீட்டில் சைகை மொழி முழுசாகத் தெரிந்தது அக்காவுக்கு மட்டும்தான். அக்காவின் முகம் மாறியது. ஆனால் எதையும் மழுப்பாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவரு ஆசையா கையப் புடிக்கலியாம். வாயப் பொத்தறாராம்."



யோசித்துப் பாருங்கள். அவள் பேசுவதே கையால்தான். பேசிக்கொண்டிருக்கும்போது அந்தக் கையைப் பிடித்து வைத்தால் அதற்கு என்ன பெயர்? நாங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து அதை ரசித்துக்கொண்டிருந்தோம்.

"இன்னா வசந்தா, கையப் புடிச்சதுக்கா இவ்ளோ பேச்சு?" என்றார் மாமா.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. பிரபுவிடம் திரும்பினாள். "அவ உங்ககிட்ட இன்னா சொல்லிகினு இருந்தா தம்பி?"

"ஒண்ணுமில்ல அத்த. கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போவ வேணாம்னு சொன்னேன். அதுக்குப் போயி இவ்ளோ ஆட்டம். கையப் புடிச்சாதான் அடங்கும்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஏதோ மிக்ஸியை நிறுத்தும் விதத்தை விளக்குவது போலச் சொன்னார்.

பவானி மறுபடி பேசினாள். இப்போது நிதானமாக. பஸ் ஸ்டாப்பில் அவளுடைய போனை வாங்கி, யாரோடெல்லாம் வீடியோ கால் பேசினாள் என்று பார்ப்பாராம். அவள் மறுத்துப் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். பார்க்காவிட்டால் அவள் சொல்வது அவருக்குக் கேட்காதே... ஒருமுறை கையை விடாமல் அழுத்தியதில் மணிக்கட்டு வீங்கிப்போனது. மெஷினில் இடித்துக்கொண்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறாள். மஞ்சள் பத்துப் போட்டுவிட்டதே மாமாதான்.

அக்கா சொல்லச் சொல்ல மாமா மகளின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வாசல் கதவைத் திறந்தார்.

"கிளம்புங்க தம்பி. பத்திரிகை வேணாம்."

பிரபுவின் அம்மா என்னவோ சொல்ல வந்தார். மாமா கதவைப் பிடித்தபடியே நின்றார். அவர்கள் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா வழியாகப் பவானியிடம் கேட்டேன். 'இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?' அவள் சொன்ன பதில் என்னை உலுக்கிவிட்டது. அவளும் அதை ஆசை என்றுதான் நினைத்தாளாம். பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தானே சொன்னார்கள்.

அப்படி இல்லை என்று அவளுக்குச் சொன்னவர் ரோசி.

ரோசிக்கும் காது கேட்காது. சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி அறையில், கம்பெனிகளில் வேலை செய்யும் காது கேளாத பெண்களுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு எடுக்கிறார். நல்ல உறவு எப்படி இருக்கும், எது மிரட்டல், வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது, சொன்ன பிறகும் விடாவிட்டால் யாரிடம் போவது... இதுதான் பாடம்.

ஒரு வகுப்பில் இரண்டு இரண்டு பேராக உட்காரச் சொல்லியிருக்கிறார். ஒருத்தி காலையில் சாப்பிட்டதைச் சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவள் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அறையே சிரித்திருக்கிறது. பவானி மட்டும் அழுதிருக்கிறாள். அதற்கு அடுத்த ஞாயிறுதான் பத்திரிகை பேச நாங்கள் கூடியது.

நாம் இந்தப் பிள்ளைகளுக்கு என்னவெல்லாம் கற்றுக்கொடுக்கிறோம்... தையல், கம்ப்யூட்டர், ரோடு கிராஸ் செய்வது. கூடவே, சொன்ன பேச்சைக் கேட்டால்தான் நல்ல பெண் என்பதையும். யார் சொன்ன பேச்சை? அதைச் சொல்வதில்லை. வெளியே அனுப்பாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். ஆபத்தோ நாம் காபி கொடுத்து உட்கார வைத்த ஹாலில் இருந்தது.

போன ஞாயிறு அந்த வகுப்புக்கு நானும் போனேன். ரோசிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்கான சைகையை வழியெல்லாம் பழகிக்கொண்டு போய்ச் செய்தேன். அவர் சிரித்துவிட்டு, பவானியைக் காட்டினார். பேசியது அவள், நன்றி அவளுக்கு என்று அர்த்தமாம். சரி, இருவருக்கும். ஒரு வார்த்தையைக்கூட விழுங்காத என் அக்காவுக்கும். கதவைத் திறந்த மாமாவுக்கும்.

மாமாவும் அன்று வந்திருந்தார். பெண்கள் வகுப்பு என்பதால் உள்ளே விடவில்லை. அது முடிந்ததும் வீட்டு ஆட்களுக்குச் சைகை மொழி சொல்லித்தருகிறார்கள். அதில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமாக மகளிடம் எதைச் சொல்வதானாலும் அக்காவைக் கூப்பிட்டே பழகியவர்.

வகுப்பு முடிந்து எதிர் டீக்கடைக்குப் போனோம். பவானி டீ வாங்கப் போக, மாமா பின்னாலிருந்து தோளைத் தட்டி, தனக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதைப் புதிதாகக் கற்ற சைகையில் சொல்லப் பார்த்தார். ஏதோ ஒரு சைகை மாறிவிட்டது போலிருக்கிறது. அவள் ஒரு நொடி முழித்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். போனை எடுத்து எதையோ டைப் செய்து என்னிடம் நீட்டினாள்.

'அப்பா கல்யாணம் வேணாம்னு சொல்றாரு. யாருக்குன்னு கேளு சித்தி.'