பாரிவாக்கத்தில் கேட்ட ஜப்பான் பேயின் கேள்வி

பேய்க்கதை தேடி யாராவது சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, மண்டை பிளக்கும் வெயிலில் கிளம்புவார்களா? நாங்கள் கிளம்பினோம். என் ஆபீஸ் தோழி யூமி அடுத்த வாரம் ஜப்பான் திரும்புகிறாள். அதற்குள் நம்மூர்ப் பேய்க்கதை ஒன்றாவது கேட்டாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

காரணம் உண்டு. அவளுக்குப் பிறவியிலேயே மேலுதடு பிளந்திருந்தது. தைத்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஜப்பானில் 'குச்சிசாகே ஒன்னா' என்றொரு பேய். மாஸ்க் போட்ட பெண்ணாக வழிமறித்து "நான் அழகா?" என்று கேட்கும், மாஸ்க்கை இறக்கினால் வாய் காதுவரை கிழிந்திருக்கும். பள்ளியில் அந்தப் பெயரையே இவளுக்கு வைத்துவிட்டார்கள், பாவிகள். இங்கே வந்த ஒரு வருடத்தில் வெளியாட்கள் முன்னால் யூமி மாஸ்க்கைக் கழற்றியதே இல்லை. போவதற்குள் ஒருமுறையாவது கழற்றிவிட வேண்டும் என்றாள்.

காட்டுப்பாக்கத்தில் ஆட்டோ பிடித்தோம். பூந்தமல்லி, பாரிவாக்கம் வழியாக ஆவடி. பதினாலு கிலோமீட்டர் சொச்சம், முந்நூற்றைம்பது ரூபாய். பூந்தமல்லி டிராஃபிக் கதை பேச நல்ல வசதி. நான் ஆட்டோ அண்ணனிடம் எடுத்துவிட்டேன்: ஓர் ஊரில் அந்தப் பேயின் கையில் கத்தரிக்கோல், இன்னோர் ஊரில் அரிவாள். சில இடங்களில் 'பொமேட்' என்று தலைக்குத் தடவும் கிரீமின் பெயரை மூன்று முறை சொன்னால் ஓடிவிடும், சில இடங்களில் மிட்டாய் கொடுத்தால் போதும். அண்ணன் விடுவாரா? பாரிவாக்கம் பக்கம் பேய் சுண்ணாம்பு கேட்குமாம், கத்தி முனையில்தான் நீட்ட வேண்டுமாம். ஆவடிப் பக்கம் லிஃப்ட் கேட்குமாம்! அதை நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல யூமி சீட்டிலேயே குதித்தாள். எனக்கும் புல்லரித்துவிட்டது.

பாரிவாக்கத்தில் டீக்கு நிறுத்தினோம். கிளாஸை வாங்கிய யூமி சட்டென்று மாஸ்க்கை இறக்கி, தெரிந்த தமிழில் அண்ணனிடம் கேட்டாள்.

"நான் அழகா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் நிதானமாகப் பார்த்தார்.

"சுமாரா கீறம்மா. டீ ஆறுது, குடி."

நான் பல்லைக் கடித்தேன். சுமார் என்றால் என்ன என்று யூமி கேட்டாள். வேறு வழியில்லாமல் சொன்னேன். தழும்பு விரிய வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பேயிடம் அழகு என்றாலும் ஆபத்து, இல்லை என்றாலும் ஆபத்து. சுமார் என்று சொன்னால் பேய் குழம்பிப்போய் விட்டுவிடும் என்றும் ஒரு கதை உண்டாம். மனுஷன் தப்பித்தார்!

போக நினைப்பவர்களுக்கு: நாலு மணிக்குள் பூந்தமல்லியைத் தாண்டிவிடுங்கள். பஸ்ஸும் உண்டு, ஆனால் கதை கிடைக்காது. டீக்குச் சர்க்கரை கம்மி என்று முன்பே சொல்லுங்கள். ஆவடி வரை புழுதி, மாஸ்க் அவசியம். யூமி தும்மித் தும்மி வந்தாள். போட்டுக்கொள்ளடி என்றேன்.

"வேணாம். நான் சுமார்," என்றாள்.