சுமாருக்குக் கீழே சாம்பார்

எங்கள் ஊரில் யாரைப் பார்த்து "மீன்பாடு எப்படி?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "சுமாரா கீது." படகு நிறைய இறாலோடு வந்து இறங்கினவனும் சுமார். ஈர வலையை உதறிவிட்டு வெறுங்கையோடு வந்தவனும் சுமார். நல்லா கீதுன்னு சொன்னால் கண்ணு பட்டுவிடும். இல்லேன்னு சொன்னால் சோறு போடுகிற ஏரியைப் பழித்த பாவம், கூடவே பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சந்தோஷம். இந்த ஊரில் பிறந்து, பஸ்ஸும் ரயிலும் மாறி மாறிப் பிடித்துச் சென்னைக்குப் போய்ப் புள்ளியியல் எம்.எஸ்ஸி. முடித்த மகராசி நான். எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் சாருக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர்தான் கணக்கெடுப்புக் குழுவின் தலைவர், நான் அவருக்குக் கீழே. விஷயம் இதுதான். ஏரியையும் கடலையும் சேர்க்கிற முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. கடல்தண்ணி உள்ளே வந்தால்தான் மீனும் உள்ளே வரும். அதைத் தூர் வாருவதா வேண்டாமா என்று முடிவு பண்ண ஒரு பெரிய அதிகாரி இருந்தார். முகத்துவாரம் அடைபடுவதற்கும் மீன்பாடு குறைவதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று எழுதிக் கொண்டுவாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றாராம் அவர். மூக்கைப் பொத்துவதற்கும் மூச்சு முட்டுவதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு.

இந்தத் தடவையும் தூர் வாரவில்லை என்றால் படகை விற்றுவிட்டுக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் வாட்ச்மேன் வேலைக்குப் போவதாக என் நைனா சொல்லிவிட்டார். சட்டைக்குப் பட்டன் போடவே பிடிக்காத மனுஷன் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு எவன் காருக்கோ சல்யூட் அடிப்பாராம்.

சார் கேள்வி தயாரித்தார். முகத்துவாரத்துக்கு மூன்று படி: திறந்திருந்தபோது, பாதி அடைந்தபோது, முழுக்க அடைந்தபோது. மீன்பாட்டுக்கு ஐந்து படி: மிக மோசம், மோசம், சுமார், நன்று, மிக நன்று. "சார், நடுவுல சுமார் வேணாம் சார்" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "உலகம் பூரா இப்படித்தான்மா கேக்கறாங்க" என்றார். உலகம் பூரா எங்கள் ஊர்க்காரர்களா இருக்கிறார்கள்?

நான் சொன்னபடியே ஆச்சு. திறந்திருந்தபோது சுமார், பாதியில் சுமார், அடைந்தபோதும் சுமார். இந்த மாதிரி படிப்படியான பதில்களில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியாது, எது மேலே எது கீழே என்பது மட்டும்தான் தெரியும். அதனால் பதில்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்ப்போம். முகத்துவாரம் அதிகம் அடைந்த பதிலில் மீன்பாடும் கீழே இறங்கியிருந்தால் அந்த ஜோடி 'தொடர்பு உண்டு' என்று ஓட்டுப் போடும். மேலே ஏறியிருந்தால் எதிர் ஓட்டு. இரண்டிலும் மீன்பாடு ஒரே படி என்றால் ஓட்டே இல்லை. எங்கள் ஊர் மொத்தமும் ஓட்டுப் போடாமல் வீட்டிலேயே படுத்துக்கொண்டது.

"தொடர்பு இல்லைன்னு டேட்டா சொல்லுதும்மா."

"டேட்டா ஒண்ணும் சொல்லல சார். வாய மூடிகினு கீது."

கோபத்தில்தான் அந்த யோசனை வந்தது. ஆம்பளைகளை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். மீன்பாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. ஏரி வாய் திறந்திருந்தப்ப உங்க வீட்ல என்ன குழம்பு, பாதி மூடினப்ப என்ன, இப்ப என்ன? அவ்வளவுதான் கேள்வி. விற்றது போக இறால் மிஞ்சினால் இறால் குழம்பு. அதற்குக் கீழே நண்டு, அப்புறம் மடவை மீன், அப்புறம் கருவாடு. கருவாடும் தீர்ந்தால் சாம்பார். மீன்பிடிக்கிற வீட்டில் சாம்பார் கொதித்தால் அதற்குக் கீழே படி கிடையாது. மீன்பாட்டுக்குத்தான் கண்ணு படும், குழம்புக்குப் படாது போலிருக்கிறது. பொம்பளைங்க கொட்டித் தீர்த்தார்கள். "என் வூட்டுக்காரன் மூஞ்சிக்கு இப்போ சாம்பாரே சாஸ்தி" என்றாள் ஒரு அக்கா.

என் அம்மா மட்டும் "மடவக் கொழம்பு" என்றாள், சட்டியை மூடியபடி. பெருங்காய வாசனை தெருமுனை வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

"எம்மா, பொய் சொல்லாத."

"பெத்த பொண்ணே ஊருக்குச் சொல்லணுமா? அத்த எழுதாதடி, மானம் பூடும்."

எழுதினேன். வேறென்ன செய்ய?

சார் அத்தனையையும் கணினியில் ஏற்றித் தட்டினார். மறுபடியும் தொடர்பு இல்லை! எட்டிப் பார்த்தால், அந்தக் கணினி குழம்புகளை அகர வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறது: இறால், கருவாடு, சாம்பார், நண்டு, மடவை. சாம்பார் நட்டநடுவில், சுமார் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில். "இதிலென்னம்மா தப்பு? எங்க வீட்ல தினமும் சாம்பார்தான்" என்றார் சார். அடப்பாவி மனுஷா! வரிசையை நானே மாற்றிப் போட்டுத் தட்டினேன். முகத்துவாரம் அடைய அடைய, குழம்பு இறாலிலிருந்து சாம்பாருக்குப் படியிறங்கிப் போனது பளிச்சென்று தெரிந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அறிக்கையைப் பார்த்த அதிகாரி, நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். ஊரே ஆடிப்போய்விட்டது. "வர்ற மனுசனுக்கு இன்னாத்த போடறது?" என்று பஞ்சாயத்தே நடந்தது. மீன் இல்லை என்று பார்க்க வருகிறவருக்கு மீன் விருந்து வைக்காதீர்கள் என்று நான் கத்தினேன். "சும்மா கெட நீ" என்று நைனா விடியற்காலையில் கிளம்பிக் காசிமேட்டு மீன் மார்க்கெட்டுக்குப் போய், கை நீளத்துக்கு இறாலும் நண்டும் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார். என் ஐந்து படியும் அந்தப் பெட்டிக்குள் செத்துப்போனது.

சாமியானா போட்டு இலை விரித்தார்கள். அதிகாரி இறாலை உரித்தபடி சிரித்தார். "இவ்ளோ பெரிய இறாலா! இந்த ஏரியில மீன் இல்லன்னு யாருங்க சொன்னது?" சாரின் வாயில் நண்டுக்கால், அவர் எங்கே பேசுவது. அதிகாரி, பரிமாறிக்கொண்டிருந்த நைனாவிடம் திரும்பினார். "என்ன பெரியவரே, மீன்பாடு எப்படி?"

"சுமாரா கீது சார்" என்றது சுற்றி நின்ற ஊர், ஒரே குரலில். நைனா மட்டும் சொல்லவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

"இது காசிமேட்டு எறா சார்" என்றார். "வாய் அடைஞ்சதுலேர்ந்து எங்க வூட்ல சாம்பாருதான்."

ஊரின் மானத்தை இலையில் போட்டு உடைத்தாயிற்று. என் நைனா சுமாருக்குக் கீழே ஒரு வார்த்தை சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

பந்தல் ஓரத்தில் நின்ற அம்மா விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் சட்டி இருந்தது, மூடி இல்லாமல். அதிகாரியின் இலையில், அந்த இறாலை ஒட்டியே ஒரு கரண்டி ஊற்றினாள்.

"சாப்புடுங்க சார். இதான் எங்க மீன்பாடு."